எம்டனைச் செய்த கைகள்

“அவன் பெரிய எம்டன்!” என்கிறோம். சூழ்ச்சியில் வல்லவனை, எவருக்கும் அஞ்சாதவனை, எந்த வலையிலும் சிக்காமல் நழுவிச் செல்பவனை அப்படி அழைக்கிறோம். பாட்டி சொன்னாள், தந்தை சொன்னார், நாமும் சொல்கிறோம். எம்டன் என்பது ஒரு கப்பலின் பெயர் என்பது பலருக்குத் தெரியும். அது ஜெர்மனியில் ஓர் ஊரின் பெயர் என்பது சிலருக்குத் தெரியும். அந்தக் கப்பலைக் கட்டிய கைகள் யாருடையவை? கேட்டவரும் இல்லை, சொன்னவரும் இல்லை!

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, சென்னைக் கடற்கரையருகே ஓசையின்றி வந்து நின்றது அந்தப் போர்க்கப்பல். நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிற்று. துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கடலையே கட்டி ஆள்வதாக மார்தட்டிய வெள்ளை ஆட்சியின் பீரங்கிகள் விழித்து எழுவதற்குள், வந்த கப்பல் இருளில் மறைந்துவிட்டது. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் நகரைவிட்டு ஓடினர். ஒன்றரைத் திங்கள் கழித்து, நவம்பர் 9ஆம் நாள், கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘சிட்னி’யின் தாக்குதலில் சிதைந்து, பவழப்பாறையில் ஏறி ஒழிந்தது எம்டன். சென்னையில் மிஞ்சியது, உயர்நீதிமன்ற மதிலருகே ஒரு நினைவுக்கல். தமிழில் மிஞ்சியது ஒரு சொல்.

எம்டனை ஓட்டிய தளபதி ஃபான் முல்லரின் பெயரை வரலாறு வாங்கி வைத்துக்கொண்டது. அதை அனுப்பிய கெய்சர் மன்னனின் பெயரையும் வைத்துக்கொண்டது. 1908 மே 26ஆம் நாள், டான்சிக் நகர அரசுக் கப்பல் தளத்தில், அதைத் தட்டி உருட்டி, ஆணி அடித்து, அலைமேல் இறக்கிய தொழிலாளர்களின் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஆணையிட்டவன் வரலாறு உண்டு, ஓட்டியவன் வரலாறு உண்டு, மூழ்கடித்தவன் வரலாறும் உண்டு. ஆக்கியவன் வரலாறு எங்கே? ஜெர்மானியக் கப்பல் கட்டும் தொழிலின் கதையை இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு படித்துப் பார்ப்போம், தோழர்களே! அந்தக் கதையில், இயந்திரத்தைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது.

கற்றவர் வென்றனர்

ஜெர்மானியர்க்கு இயந்திரத் திறன் இரத்தத்தில் ஊறியது என்று சொல்வோர் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பெரிய இரும்புக் கப்பலைக் கட்டுவதில் அவர்கள் கடைசி வரிசை மாணவர்கள். ஹாம்பர்க் நகரின் ‘ஹாப்பாக்’ கப்பல் நிறுவனம் 1847இல் தோன்றிற்று. பிரெமன் நகரின் ‘வட ஜெர்மன் லாயிடு’ 1857இல் தோன்றிற்று. அட்லாண்டிக்கைக் கடக்க அவர்களுக்கு நீராவிக் கப்பல்கள் தேவைப்பட்டன. எங்கே வாங்கினார்கள்? ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரையில்!

முயன்று தோற்ற கதையும் உண்டு. 1850இல் கீல் நகரில் வில்ஹெல்ம் பவர் என்பவர் ஒரு நீர்மூழ்கிக் கலத்தைக் கட்டுவித்தார். 1851 பிப்ரவரி 1ஆம் நாள், சோதனை ஓட்டத்தின்போதே அது கீல் துறைமுகத்தின் அடியில் போய் அமர்ந்துவிட்டது. உள்ளே மூவர். கதவைத் திறக்க முடியவில்லை. வெளியே நிற்கும் நீரின் அழுத்தம் திறக்கவிடவில்லை. மூவரும் நடுங்கிப் புலம்பி மாண்டிருக்கலாம். பவர் சிந்தித்தார். நீரை உள்ளே வரவிட்டால், உள்ளிருக்கும் காற்று நெருக்குண்டு, வெளியழுத்தத்துக்கு ஈடாகும். அப்போது கதவு தானே திறக்கும் என்று கணக்கிட்டார். கழுத்தை நெருங்கும் நீரில் நின்றுகொண்டு காத்திருந்தார்கள். கதவு திறந்தது, மூவரும் மேலே வந்தார்கள். கலம் தோற்றது, அறிவு வென்றது! அதே கீல் நகரந்தான் பின்னர் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு உலகப் புகழ் பெற்றது.

1877இல் ஹெர்மன் புளோம், எர்ன்ஸ்ட் ஃபோஸ் என்னும் இருவர், ஹாம்பர்க்கில் எல்ப ஆற்றின் நடுத்தீவு ஒன்றில் ஒரு தளம் அமைத்தனர். உள்ளூர்க் கப்பல் முதலாளிகள் அவர்களை நம்பவில்லை. ‘இங்கிலாந்தில் வாங்கினால் உறுதி, இங்கே வாங்கினால் யார் பொறுப்பு?’ என்றார்கள். வேலை கொடுப்பாரின்றி, தம் சொந்தச் செலவிலேயே கப்பல் கட்டி, விற்றுக் காட்ட வேண்டியிருந்தது அவர்களுக்கு.

நிலை எப்படி மாறிற்று? 1885இல் ஜெர்மன் அரசு கிழக்காசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அஞ்சல் கப்பல் ஓட்ட உதவித்தொகை கொடுத்தது. கொடுத்தபோது ஒரு நிபந்தனை வைத்தது. புதிய கப்பல்களை ஜெர்மன் தளங்களில்தான் கட்டவேண்டும்! ஸ்டெட்டின் நகரின் ‘வுல்கான்’ தளம் அப்பணியைப் பெற்றது. பணமும் வந்தது, பணியும் வந்தது, பணியோடு பயிற்சியும் வந்தது. சார்லட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் கப்பல் கட்டும் கலைக்கென்றே தனித்துறை தோன்றிற்று. 1913இல் ஹாம்பர்க்கில் கப்பல் மாதிரிகளை நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்த்து அளக்கும் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. சிறிய மாதிரி தொட்டியில் எவ்வளவு அலையெழுப்புகிறது, எவ்வளவு தடையைச் சந்திக்கிறது என்று அளந்து, பெரிய கப்பலுக்குத் தேவையான ஆற்றலை முன்கூட்டியே கணித்தனர். ஊகம் போயிற்று, அளவு வந்தது.

1887இல் பிரிட்டன் ஒரு சட்டம் செய்தது. அயல்நாட்டுச் சரக்கில் அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று பொறிக்க வேண்டும் என்றது. ‘ஜெர்மனியில் செய்யப்பட்டது’ என்ற முத்திரை, மட்டமான சரக்கைக் காட்டிக்கொடுக்கும் வடுவாக இருக்கட்டும் என்பது எண்ணம். பத்தே ஆண்டுகளில் அந்த வடு வாகையாயிற்று! 1897இல் வுல்கான் தளம் நான்கு புகைபோக்கிகளோடு ‘கெய்சர் வில்ஹெல்ம் பெருமன்னன்’ என்ற கப்பலைக் கடலில் இறக்கிற்று. அட்லாண்டிக்கை மிக விரைவில் கடக்கும் கப்பலுக்குரிய ‘நீலப் பட்டை’ப் பெருமையை அது தட்டிச் சென்றது. 1907இல் ‘லூசிடேனியா’வைக் கட்டித்தான் பிரிட்டன் அதை மீட்க முடிந்தது. ஆசானின் ஆற்றங்கரையில் கப்பல் வாங்கியவர்கள், அரை நூற்றாண்டுக்குள் ஆசானையே முந்தினார்கள். பிறப்பால் வந்த வரம் அல்ல அது. படிப்பால் வந்த பயன்.

மன்னனின் மடியில்

இவ்வளவு திறனும் யாருக்கு ஊழியம் செய்தது? அங்கேதான் கதை திரும்புகிறது.

1898இலும் 1900இலும் கடற்படைத் தலைவர் திர்பிட்ஸ் கொண்டுவந்த கடற்படைச் சட்டங்கள் நிறைவேறின. பீரங்கி வார்த்த குரூப் முதலாளி 1896இலேயே கீல் நகரின் ‘ஜெர்மானியா’ கப்பல் தளத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்துவிட்டார். எஃகு அவருடையது, பீரங்கி அவருடையது, கப்பலும் அவருடையது! பிரிட்டன் ஒரு கப்பல் கட்டினால் ஜெர்மனி ஒன்று கட்டும். ஜெர்மனி ஒன்று கட்டினால் பிரிட்டன் இரண்டு கட்டும். போட்டி வளர்ந்தது, பொக்கிஷம் கரைந்தது, போர் நெருங்கிற்று. அந்தப் போட்டியில் பிறந்த குழந்தைகளில் ஒன்றுதான் எம்டன்.

அந்நாளில் கப்பல் கட்டுவது எப்படி என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். எஃகுத் தகடுகளை ஆணி அடித்தே இணைக்க வேண்டும். உலையில் செக்கச் செவேலெனக் காய்ந்த ஆணியை ஓர் இளைஞன் இடுக்கியால் எடுத்துக் கொடுப்பான். ஒருவன் அதைத் துளையில் செலுத்தித் தாங்கிப் பிடிப்பான். மறுபக்கத்தில் நிற்போர் சம்மட்டியால் அடித்து ஆணியின் தலையைப் பரப்புவர். ஆணி குளிரும்போது சுருங்கும். சுருங்கும்போது இரு தகடுகளையும் இறுகப் பற்றும். ஒரு கப்பலுக்கு இப்படிப் பல இலட்சம் ஆணிகள்! கப்பலின் இரும்பு வயிற்றுக்குள் அந்த ஓசை இடியாய் முழங்கும். காது செவிடாவது அந்தத் தொழிலுக்குக் கிடைத்த ஊதியங்களுள் ஒன்று. பனிக்காலத்தில் எல்ப ஆற்றுக் காற்று எலும்பைத் துளைக்கும். கோடையில் தகடு காலைச் சுடும்.

1910 கோடையில் ஹாம்பர்க் கப்பல் தளத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மற்றத் துறைமுகங்களுக்கும் அது பரவிற்று. இரண்டு திங்கள் பட்டினி கிடந்து அவர்கள் பெற்றது, சிறிதளவு கூலி உயர்வும் வேலை நேரத்தில் சிறிதளவு குறைப்புமே. உலகிலேயே மிகப் பெரிய பயணிகள் கப்பலைக் கட்டத் தெரிந்த கைகளுக்கு, ஒரு மணி நேர ஓய்வைப் பெறப் போராட வேண்டியிருந்தது!

போர் வந்தது. நான்கு ஆண்டுகள் நாடு இரத்தம் சிந்திற்று. 1918 சனவரியில் ஹாம்பர்க்கிலும் கீலிலும் தளத் தொழிலாளர்கள் கருவிகளைக் கீழே வைத்தார்கள். ‘சமாதானம் வேண்டும், ரொட்டி வேண்டும்’ என்பதே குரல். அடக்கப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் இறுதியில், தோல்வி உறுதியான பிறகும், கடற்படைத் தலைமை மானத்தைக் காக்க ஒரு கடைசிச் சமருக்குக் கப்பல்களை அனுப்ப முனைந்தது. மானம் தளபதிகளுடையது; மாள வேண்டியவர்கள் மாலுமிகள்! மாலுமிகள் மறுத்தனர். நவம்பர் 3ஆம் நாள் கீல் நகரத் தெருவில் அவர்கள்மீது துப்பாக்கி வெடித்தது. மாலுமியும் கப்பல் கட்டும் தொழிலாளியும் தோளோடு தோள் சேர்ந்தார்கள், தளங்கள் நின்றன, மன்றங்கள் எழுந்தன. தீ நகர்தோறும் பரவிற்று. நவம்பர் 9ஆம் நாள் கெய்சரின் முடி சாய்ந்தது. எம்டன் பாறையில் ஏறி ஒழிந்த அதே நாள், நான்காண்டு கழித்து! மன்னனின் மாண்புக்காகக் கப்பல் கட்டிய ஊரிலேயே மன்னனின் வீழ்ச்சி தொடங்கிற்று.

நீட்டாத கை

ஒருமுறை விழித்த மக்கள் மீண்டும் உறங்கமாட்டார்கள் என்று நம்ப ஆசையாக இருக்கிறது. வரலாறு அந்த ஆசைக்கு இடங்கொடுக்கவில்லை.

வெர்சேல்ஸ் ஒப்பந்தம் ஜெர்மனியின் பெரிய வணிகக் கப்பல்களைப் பறித்துக்கொண்டது. ஸ்டெட்டின் வுல்கான், ஒருகாலத்தில் உலகின் வியப்பாயிருந்த தளம், 1928இல் மூடப்பட்டது. 1929இல் ‘பிரெமன்’ என்னும் கப்பல் நீலப் பட்டையை மீண்டும் வென்றது. ஆனால் அதே ஆண்டில் உலகப் பொருளாதாரமே சரிந்தது. வேலையற்றோர் தெருவில் நின்றனர். நின்றவர்களுக்கு வேலை தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்தவன் ஹிட்லர். வேலை தந்தான், படைக்கலம் செய்யும் வேலை!

1936 சூன் 13ஆம் நாள், புளோம்-ஃபோஸ் தளத்தில் ‘ஹோர்ஸ்ட் வெசல்’ என்னும் பயிற்சிப் பாய்க்கப்பல் நீரில் இறக்கப்பட்டது. அன்று எடுத்த ஒரு நிழற்படம் இன்று உலகெங்கும் அறியப்பட்டிருக்கிறது. நெருங்கி நிற்கும் தொழிலாளர் கூட்டம். எல்லார் கையும் நாஜி வணக்கத்தில் நீண்டிருக்கிறது. ஒரே ஒருவன், நடுவில் நின்று, கைகளை மார்பில் கட்டிக்கொண்டிருக்கிறான். முகத்தில் வெறுப்பு. அவன் யார் என்பதில், இரண்டு குடும்பங்கள் ‘எங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று உரிமை கொண்டாடுகின்றன. அவன் பெயர் எதுவாயினும் ஆகுக! கப்பல் கட்டத் தெரிந்த கை, கட்டளைக்கு நீளாமல் இருக்கவும் தெரிந்திருந்தது, அது போதும்.

நீண்ட கைகள் என்ன செய்தன? அதே தளத்தில் 1939 பிப்ரவரி 14ஆம் நாள் ‘பிஸ்மார்க்’ நீரில் இறங்கிற்று. 1941 மே 27ஆம் நாள் மூழ்கிற்று. அதில் இருந்த 2,200க்கும் மேற்பட்டோரில் உயிர் தப்பியவர் 120 பேர்கூட இல்லை. போர் முற்றியபோது தொழிலாளர் போதவில்லை, அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். நாயென்காமெ வதைமுகாமின் கிளையொன்று 1944இல் புளோம்-ஃபோஸ் தளத்துக்குள்ளேயே அமைந்தது. பிரெமன் அருகே வேசர் ஆற்றங்கரையில், ‘வாலென்டீன்’ என்ற பெயரில், நீர்மூழ்கிக் கப்பல் கட்ட ஒரு பெருங்கோட்டை எழுப்பினார்கள். நீளம் 426 மீட்டர்; கூரையின் கனம் சில இடங்களில் 7 மீட்டர்! 1943 முதல் 1945 வரை பல நாடுகளின் கைதிகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே சிமெண்டு சுமந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் கோட்டையிலிருந்து எத்தனை நீர்மூழ்கிகள் வெளிவந்தன தெரியுமா? ஒன்றுகூட இல்லை!

எண்ணிப் பாருங்கள். 1851இல் நீருக்கடியில் மூவர் உயிரைக் காத்த கணக்கறிவும், 1944இல் ஆயிரம் உயிரைக் குடித்த கோட்டையை வரைந்த கணக்கறிவும் ஒன்றுதான். கணக்கு இரக்கமும் அறியாது, கொடுமையும் அறியாது. கணக்கிடுகிறவன்தான் அறியவேண்டும்.

நூற்றுப் பதினான்கு நாள்

தோற்ற நாட்டில் பெரிய கப்பல் கட்டவே வென்றவர்கள் தடை போட்டார்கள். சாய்தளங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1951இல் தடை நீங்கிற்று. ஈராண்டு கழித்து, ஹாம்பர்க்கின் ஹோவால்ட் தளத்தில், கிரேக்கக் கப்பல் முதலாளி ஓனாசிஸுக்காகக் கட்டிய ‘டீனா ஓனாசிஸ்’ நீரில் இறங்கிற்று. அந்நாளில் உலகிலேயே மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல் அது. தளத்தைத் தகர்க்கலாம், தொழிலறிவைத் தகர்க்க முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆனால் அந்த ஆண்டுகளின் பெருமை என்று நான் கருதுவது டன் கணக்கை அன்று. 1956 அக்டோபர் 24ஆம் நாள், கீல் தளங்களை முன்னணியாகக் கொண்டு, ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில உலோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கேட்டது என்ன? ‘அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்தவன் நோயுற்றால் சம்பளம் நிற்பதில்லை. சம்மட்டி பிடித்தவன் நோயுற்றால் மட்டும் ஏன் நிற்கவேண்டும்? காய்ச்சல் இருவருக்கும் ஒன்றுதானே!’ கடுங்குளிரில் 114 நாள் நின்றார்கள். 1957 பிப்ரவரியில் முடிந்தபோது, நோய்க்கால ஊதியத்துக்கு வழி பிறந்தது. அதே ஆண்டில் சட்டமும் அவ்வழி திரும்பிற்று. 1969இல் இயற்றிய சட்டம், கைத்தொழிலாளிக்கும் அலுவலருக்கும் இருந்த அந்த வேற்றுமையை நீக்கிற்று. இன்று ஜெர்மனியில் நோயுற்றுப் படுக்கும் எந்தத் தொழிலாளியும், தன்னை அறியாமலே, கீல் நகரத்துக் கப்பல் தொழிலாளிக்குக் கடன்பட்டிருக்கிறான்.

மூடிய வாயில்கள்

1956இல் ஜப்பான் உலகக் கப்பல் கட்டும் தொழிலில் முதலிடத்துக்கு வந்தது. பிறகு தென் கொரியா எழுந்தது, பிறகு சீனா. 1973இல் எண்ணெய் விலை ஏறிற்று. பெரிய எண்ணெய்க் கப்பலை வாங்குவார் இல்லாமல் போயினர். மலிவு விலைக்கு முன்னால் ஜெர்மன் தளங்கள் தடுமாறின. மாணவன் ஆசானை முந்திய அதே கதை. இம்முறை ஆசான் இடத்தில் ஜெர்மனி!

1983 செப்டம்பரில் பிரெமன் நகரின் ‘வேசர்’ தளத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தளத்தைத் தம் கைக்குள் எடுத்துக்கொண்டு உள்ளே அமர்ந்தார்கள். குடும்பங்கள் வாயிலில் உணவோடு நின்றன. பயனில்லை. ஆண்டு முடிவில் தளம் மூடப்பட்டது. நீலப் பட்டை வென்ற ‘பிரெமன்’ பிறந்த மண்ணில் இன்று நிற்பது ஒரு வணிக வளாகம்.

1990இல் இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின. கிழக்கில், ரோஸ்டாக், விஸ்மார், ஸ்ட்ரால்சுண்டு முதலிய ஊர்களின் அரசுத் தளங்களில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெரும்பாலும் சோவியத் நாட்டுக்காகக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தனர். வாங்கிய நாடு மறைந்தது, வேலையும் மறைந்தது. அத்தளங்களை மீட்க அரசு கொடுத்த உதவித்தொகையில் 80 கோடி மார்க்குக்கும் மேல், அவற்றை வாங்கிய பிரெமன் வுல்கான் நிறுவனத்தின் மேற்குப் பகுதி ஓட்டைகளை அடைக்கச் சென்றது. 1996இல் அந்நிறுவனம் நொடித்தது. அடுத்த ஆண்டு மூடிற்று. கிழக்கின் தொழிலாளியும் ஏமாந்தான், மேற்கின் தொழிலாளியும் ஏமாந்தான். தவறான கணக்கை எழுதியவர்கள் வேறு. அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு.

ஒன்றைத் தேர்ந்து, ஒன்றில் தேர்ந்து

அப்படியானால் எல்லாம் முடிந்ததா? இல்லை. எஞ்சியவர்கள் ஒரு பாடம் கற்றார்கள். எல்லாக் கப்பலையும் எல்லாரினும் மலிவாகக் கட்ட முடியாது. பிறர் கட்ட முடியாத ஒன்றை எவரினும் சிறப்பாகக் கட்டலாம். தளத்துக்குத் தளம் ஒரு தனித்திறன்!

எம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பது எம்டன் நகர். அதே ஆற்றில் மேலே சென்றால், கடலுக்கு நெடுந்தொலைவில், வயல்களுக்கு நடுவே, பாப்பன்பர்க் என்னும் சிற்றூர். அங்கே 1795இல் தோன்றியது மையர் தளம். ஒருகாலத்தில் அவ்வூரில் மரக்கப்பல் கட்டும் தளங்கள் இருபதுக்கு மேல் இருந்தன. ‘இரும்பு மிதக்குமா?’ என்று மற்றவர்கள் பழக்கத்தைப் பற்றி நின்றபோது, 1872இல் மையர் தளம் இரும்புக்கு மாறிற்று. மரத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் மறைந்தார்கள். மாறியவர் மட்டும் நிலைத்தார். இன்று மாபெரும் உல்லாசப் பயணக் கப்பல்கள் அங்கே கூரையிட்ட கூடத்துக்குள் உருவாகின்றன. குளியலறை முதல் குழாய் வரை பொருத்திய பெரும் பெரும் துண்டுகளைத் தூக்கி அடுக்கி, வெல்டிங் செய்து இணைக்கிறார்கள். முடிந்ததும் நீர் நிரப்பி மிதக்கவிடுகிறார்கள். குறுகிய ஆற்றில், இழுவைப் படகுகளின் துணையோடு, பின்புறம் முன்னாகக் கப்பல் கடலுக்குச் செல்கிறது. ஆற்றில் நீர் போதாதபோது தேக்குவதற்கும் உதவும் ஓர் அணை 2002இல் எழுந்தது. பெருங்கப்பலுக்காக ஆழம் தோண்டித் தோண்டி, ஆறு சேறாகிறது, மீன் மடிகிறது என்று இயற்கைக் காப்பாளர் வழக்காடி வருகின்றனர். கப்பலுக்கு ஆறு தேவை, ஆற்றுக்கும் ஆறு தேவை!

தனித்திறன் இருந்தும் தள்ளாட்டம் நிற்கவில்லை. கப்பல் வாங்குபவர் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கட்டும்போது கொடுப்பர். ஐந்தில் நான்கு பங்கு கப்பல் கைக்கு வந்த பின்னரே. இடையில் எஃகு விலை ஏறினால் தளத்தின் தலையில் விடியும். கொரோனாவுக்குப் பின் விலைகள் ஏறியபோது, பணியாணை நிறைய இருந்தும் பணமின்றித் தவித்தது மையர் தளம். 2024இல் நடுவண் அரசும் மாநில அரசும் 40 கோடி யூரோ செலுத்தி, 80 விழுக்காட்டுப் பங்கை எடுத்துக்கொண்டன. நூற்றாண்டுகளாகக் குடும்பச் சொத்தாயிருந்த தளம் பெரும்பாலும் பொதுமக்கள் சொத்தாயிற்று!

கீல் நகரம் நீர்மூழ்கிகளைத் தொடர்ந்தது. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து ஓசையின்றி மின்சாரம் தரும் கலங்களைப் பொருத்திய ‘212ஏ’ வகையின் முதற்கப்பல் 2005இல் ஜெர்மன் கடற்படையில் சேர்ந்தது. 1986இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ‘சிசுமார்’ நீர்மூழ்கியும் கீலில் கட்டியதே. பிரெமன் அருகே லூர்சன் தளம், 1886இல் டைம்லரின் எந்திரம் பொருத்திய உலகின் முதல் மோட்டார்ப் படகைக் கட்டிய இடம். அதே தளம் 2013இல் 180 மீட்டர் நீளமுள்ள ‘அசாம்’ என்னும் தனியார் உல்லாசப் படகைக் கட்டி முடித்தது. ஒரு மனிதனின் ஓய்வுக்கு 180 மீட்டர்! 1910இல் ஒரு மணி நேர ஓய்வுக்காகப் பட்டினி கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைக் கட்டியிருக்கலாம்.

அதே வேசர் ஆற்றங்கரையில், பெர்னெ என்னும் ஊரில், ஃபாஸ்மர் என்றொரு தளம். அங்கே கடலில் தத்தளிப்போரை மீட்கும் கப்பல்கள் உருவாகின்றன. 1865 முதல், மக்கள் தரும் நன்கொடையாலேயே இயங்கும் ஜெர்மன் கடல் மீட்புச் சங்கத்துக்கு, 2003இல் ‘ஹெர்மன் மார்வெடெ’ என்ற மீட்புக் கப்பலைக் கட்டிக் கொடுத்ததும் அதுவே. மற்றக் கப்பல்கள் துறைமுகத்துக்குள் ஒதுங்கும் புயலில் வெளியே செல்வதற்கென்றே பிறந்த கப்பல்! 1982இல் கீலிலும் ரெண்ட்ஸ்பர்க்கிலும் உருவான ‘போலார்ஸ்டெர்ன்’ என்னும் ஆய்வுக் கப்பலோ, 2019–20இல் வடதுருவப் பனியில் தன்னை உறையவிட்டு, பனியோடு மிதந்து, பருவநிலையை அளந்து வந்தது. இந்தியாவின் கடலாய்வுக் கப்பல் ‘சாகர் கன்யா’வும் 1983இல் ஜெர்மனியில் கட்டியதுதான்.

கை கேட்கும் கேள்வி

ஒரே நாடு, ஒரே எஃகு, ஒரே கல்வி, ஒரே வகைக் கைகள். அவற்றால் உயிர் எடுக்கும் கப்பலும் பிறந்தது, உயிர் மீட்கும் கப்பலும் பிறந்தது. எது பிறக்கவேண்டும் என்று முடிவு செய்த அறையில் அந்தக் கைகளுக்கு இடம் இருந்ததா? பெரும்பாலும் இல்லை. 1918இல் இடத்தைப் பிடுங்கிக்கொண்டன, சில நாள். 1956இல் நோய்க்கால ஊதியத்தைப் பெற்றன. 1983இல் வாயிலைப் பூட்டியும் தோற்றன. தொழிலறிவு அவர்களிடம், தீர்ப்புரிமை வேறு எவரிடமோ! இதுதான் ஜெர்மானியக் கப்பல் கட்டும் தொழில் நமக்குச் சொல்லும் செய்தி. திறன் ஒரு நாட்டை உயர்த்தும். திறன் எதற்கு என்று திறனுடையவனே கேட்காவிட்டால், அதே திறன் நாட்டைத் தாழ்த்தவும் செய்யும்.

இன்னும் ஒரு கப்பலின் கதை இருக்கிறது. 1913இல் பாப்பன்பர்க் மையர் தளத்தில், ஆப்பிரிக்கக் காலனி ஆட்சிக்காக, ‘கிராஃப் கோட்சன்’ என்ற கப்பலைக் கட்டினார்கள். கட்டி, கழற்றி, சுமார் 5,000 பெட்டிகளில் அடைத்து, கடல் வழியாகவும் இரயில் வழியாகவும் தாங்கனீக்கா ஏரிக்கு அனுப்பி, அங்கே மீண்டும் பூட்டினார்கள். போர் வந்தது. 1916இல், எதிரி கையில் சிக்காதிருக்க, அதை மூழ்கடிக்க ஆணை பிறந்தது. ஆணைக்குப் பணிந்தார்கள் தொழிலறிந்தவர்கள். ஆனால் மூழ்கடிக்குமுன் எந்திரங்களுக்குக் கெட்டியாக மசகு பூசிவைத்தார்கள்! 1924இல் பிரிட்டிஷார் அதை ஏரியடியிலிருந்து எடுத்தபோது, எந்திரங்கள் இன்னும் பயன்படும் நிலையில் இருந்தன. 1927இல் ‘லியம்பா’ என்ற புதுப்பெயரோடு மீண்டும் ஓடிற்று. கெய்சரும் போனார், பிரிட்டிஷ் ஆட்சியும் போயிற்று, ஏரிக்கரை ஏழை மக்களையும் அவர்கள் மீனையும் மூட்டைகளையும் சுமந்து அது தலைமுறை தலைமுறையாக ஓடிற்று. மூழ்கடி என்றது அதிகாரம். ஒருநாள் எவனுக்காவது பயன்படட்டும் என்றது தொழிலாளியின் கை.

எம்டன் பிறந்த டான்சிக் இன்று போலந்து நாட்டின் கிதான்ஸ்க். அந்தப் பழைய தளமும் சேர்ந்தமைந்த கிதான்ஸ்க் கப்பல் தளத்தில்தான், 1980 ஆகஸ்டில், தொழிலாளர்கள் வாயிலை அடைத்து அமர்ந்து, ‘எங்கள் சங்கத்தை நாங்களே அமைப்போம்’ என்றனர். சென்னையை நடுங்கவைத்த கப்பலைக் கட்டிய மண்ணிலிருந்து எழுந்த அந்தக் குரல், ஓர் ஆட்சி முறையையே நடுங்கவைத்தது.

ஆகவே தோழர்களே, இனி எவரையாவது ‘எம்டன்’ என்று அழைக்கும்போது, குண்டு வீசியவனை மட்டும் நினைக்காதீர்கள். உலை முன்னால் நின்று, செந்நிற ஆணியைத் தாங்கிப் பிடித்து, காது செவிடாகிப்போன அந்தப் பெயரறியாத டான்சிக் தொழிலாளியையும் நினையுங்கள். ஏதேனும் ஒரு தொழிலைக் கற்கும் இளைஞர் நீங்கள். நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், எவரும் குறை சொல்ல முடியாதபடி கற்றுக்கொள்ளுங்கள். கற்று முடித்த கையோடு, ‘இதை எதற்காகச் செய்யச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்கவும் கற்றுக்கொள்ளுங்கள்!